ஒரு நீளம், இரண்டு குட்டை

என் கம்ப்யூட்டர் அந்தக் கடையில் இரண்டு வருஷமாகப் படுத்திருந்தது. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி கையில் ஒரு சீப்புப் பழம்கூட வாங்கிப் போனேன். பழத்தைக் கடைக்காரர் தின்றார். நோயாளி அப்படியேதான் இருந்தது.

தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். அவர் மனைவிக்கு நர்ஸம்மா. கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு நீள மேஜை, மூன்று சுவர் நிறைய இரும்பு அலமாரி. பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு: ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குழாயடி. பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் படுக்க இடம் இருந்திருக்காது; அலமாரியில் இடமில்லாத போர்டுகள் கட்டிலுக்கு அடியில் வரை போய்விட்டிருந்தன.

வெயில் காலத்தில் அந்தத் தெருவில் தூசி தண்ணீர் மாதிரி ஓடும். ஓடி எல்லா வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையும். அதனால் வெயில் காலம்தான் டாக்டருக்கு அறுவடை. பெட்டியைத் திறந்தவுடன் நர்ஸம்மா பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவாள். ஒருமுறை ஒரு பெட்டியிலிருந்து வந்த தூசியை அள்ளி வாசல் பள்ளத்தில் கொட்டினார்கள். அதற்கப்புறம் மூன்று மழைக்கு அங்கே தண்ணீர் தேங்கவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், பள்ளம் இப்போது இல்லை.

மதர்போர்டு என்பது பெட்டிக்குள் நிற்கும் ஒரு பச்சைத் தட்டு. மற்ற எல்லாம் அதில்தான் வந்து குத்திக்கொள்ள வேண்டும். இருபது ஓட்டைக்காரப் பட்டைப் பிளக் கரண்ட்டைக் கொண்டுவரும். சதுரமான நாலு ஓட்டைப் பிளக் மூளைக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுக்கும். ராம் குச்சி அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். கீழ் மூலையில் ஊசி ஊசியாக இரண்டு வரிசை. பெட்டியின் பட்டன், சின்ன விளக்குகள், பீப்பர் எல்லாம் அங்கேதான்.

"மத்தது எதையும் தப்பா மாட்ட முடியாது பெரியவரே, உள்ளேயே போகாது" என்பார் டாக்டர். "இந்த ஒரு மூலையை மட்டும்தான் மனுஷன் தப்பு பண்றதுக்குன்னே விட்டு வச்சிருக்கான்."

பீப்பர் என்பது மிளகு டப்பா மூடி அளவுகூட இல்லாத கறுப்பு உருண்டை. போர்டு உயிர் வந்ததும் தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு குட்டைச் சத்தம். கம்ப்யூட்டர் திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளே கார்டு சரியில்லை என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. ராம் இல்லை என்றால் நீளம் நீளமாக, தாயைத் தொலைத்த குழந்தை மாதிரி, நிறுத்தும்வரை கத்தும். சத்தமே இல்லை என்றால் போர்டு போச்சு.

இது தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதி, ராம் குச்சியின் தங்கப் பல்லை அழிரப்பரால் தேய்ப்பது.

டாக்டர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பட்டன் ஊசி இரண்டையும் தொட்டு இணைப்பார். விசிறி சுற்றும். பீப்பர் பேசும். டாக்டர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "டிஸ்ப்ளே கார்டு" என்பார். பெட்டி கொண்டுவந்தவர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அவர் கண்ணை முழுதாக மூடுவதில்லை என்று தெரிந்தது. இடுக்கு வழியாக நர்ஸம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேஜையின் மறு ஓரத்தில் எதையோ துடைத்தபடி ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு தட்டு தட்டினாள்.

டாக்டருக்குக் காது போயிருந்தது. முழுதாக அல்ல. பேச்சு கேட்கும், லாரி ஹார்ன் கேட்கும். ஊசி மாதிரிக் கூர்மையான சத்தம் மட்டும் கேட்காது. ஒருநாள் அலாரக் கடிகாரம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் அடித்து ஓய்ந்தது. அவர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். காது கேட்காத டாக்டரிடம் யார் பெட்டியைக் கொண்டுவருவார்கள்? அதனால் பதினோரு வருஷமாக அந்த விரல்தான் கடையை நடத்தியது.

சத்தத்துக்குப் பதிலாக நம்பர் காட்டும் சோதனைக் கார்டு ஒன்று வாங்கினார். முதல் நாளே திருப்பிச் செருகி எரித்துவிட்டார். இன்னொன்று வாங்கினால் உதிரி விற்கிறவர் ஏன் என்று கேட்பார். வாங்கவில்லை.

"நீ இங்க சும்மா தூசிதானே தட்டுற?" என்று ஒரு வாடிக்கைக்காரி நர்ஸம்மாவைக் கேட்டபோது, டாக்டர் முந்திக்கொண்டு, "ஆமாங்க, அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றார். நர்ஸம்மா பிரஷ்ஷைத் தட்டினாள். கொஞ்சம் பலமாக.

*

சேதியைக் கொண்டுவந்தவர் அந்த உதிரி விற்கிறவர்தான். பை நிறைய ஒயரும் வாய் நிறைய ஊர்க்கதையுமாக வருவார்.

"அந்த ரயில் பாதைக்கு அப்பால போர்டு பண்ற ஃபேக்டரி வந்திருக்கு டாக்டரே. செக் பண்ண ஆள் தேடுறாங்க. படிப்பு வேண்டாமாம், வேலை தெரிஞ்சா போதுமாம். தங்க இடமும் தராங்க."

"எனக்கு எதுக்கு அது? என் கடை இருக்கு."

"உங்களை யார் கூப்பிட்டா? பொம்பளைங்களாத் தேடுறாங்க. பொறுமை வேணுமாம்."

டாக்டர் சிரித்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "எங்க மனு போடணும்?" என்றாள்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அதுதான் அவரிடம் உள்ள கெட்ட குணம். "போயேன், நானா தடுக்கிறேன்?" என்றார். பரீட்சைக்கு அவரே கூட்டிக்கொண்டு போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். தோற்று வருவாள், வழியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றலாம் என்று நினைத்திருப்பார். உள்ளே ஐந்து பழுதுப் போர்டுகள் வைத்தார்களாம். மற்றவர்கள் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா ஐந்தையும் முடித்துவிட்டு, ஆறாவதாக அங்கிருந்த ஆபீசரின் சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு கோளாறு சொன்னாளாம். நான் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். ஐந்து என்னுடையது அல்ல; ஆறாவது வேண்டுமானால் என்னுடையது.

"பதில் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன்.

"இந்த வாரம் மெயில்ல வருமாம் பெரியப்பா. வந்த மூணு நாளைக்குள்ள சம்மதம்னு எழுதணும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

கைப்பேசியில் கடிதம் வராத காலம் அது. நர்ஸம்மாவின் மெயில் திரைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி போட்டுக் கொடுத்தது. கடவுச்சொல்லை அந்தப் பெட்டிதான் ஞாபகம் வைத்திருந்தது. அவளுக்குத் தெரியாது. தம்பியோ நடுக்கடலில்.

"போனா எங்க உட்காருவ?" என்றேன், பேச்சுக்கு.

"எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்காம். மேஜைல என் பேர் எழுதின அட்டை வைப்பாங்களாம்." ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல என் விரலுக்குத் தேய்மானம்கூட ஆகியிருக்கும் பெரியப்பா. அதை ஒருத்தர் பார்த்ததில்லை."

நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

*

திங்கட்கிழமை காலை நான் போனபோது கடையில் யாரும் இல்லை. திரைக்கு அப்பாலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

"பெரியவரே, உள்ள வாங்க. நீங்களே வந்து பாருங்க. வீட்டுப் பெட்டி போச்சு."

போனேன். கட்டில் ஓரத்தில் அந்தப் பழைய பெட்டி மூடி திறந்து கிடந்தது. நர்ஸம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"மனுஷனே நேத்து நல்லாத்தான் இருப்பான்" என்றார் டாக்டர். "போர்டு போச்சும்மா. பாரு, மூச்சுப் பேச்சு இல்லை."

பட்டனை அமுக்கினார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பீப்பர் கத்தத் தொடங்கியது. நீளமாக. நிறுத்தி, மறுபடி நீளமாக. மறுபடியும்.

அந்தப் பெட்டியைப் பதினோரு வருஷத்துக்கு முன் சேர்த்தவள் நர்ஸம்மா. பீப்பரைக் கீழ் மூலையில் அதற்கான நாலு ஊசியில் செருகியவளும் அவள்தான். டாக்டர் அதை மறந்துவிட்டார். இரவோடிரவாக ராமைக் கழற்றி வைத்தவருக்கு, தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்குக் கேட்கும் என்பதும் மறந்துவிட்டது. கடையில் "எத்தனை?" என்று அவள் விரலைப் பார்ப்பவர், வீட்டில் பார்க்கவில்லை. வைத்தியம் பார்க்க வந்தால்தானே நாடி பிடிக்க வேண்டும்.

"பார்த்தியா? சுத்தம். அடக்கம் பண்ண வேண்டியதுதான்" என்றார், அந்தக் கத்தலுக்கு நடுவே.

நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "ராமைக் கழட்டி மாட்டிப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் பார்த்தாச்சு."

"பார்த்தாச்சா?"

"பதினோரு வருஷமா நான் என்ன கம்பு சுத்திட்டா இருக்கேன்? போர்டு போச்சுன்னா போச்சு."

பீப்பர் விடவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்குதா?"

டாக்டரும் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது. புருஷன் பெண்டாட்டி நடுவில் நாம் எதற்கு என்று நினைத்தேனா, என் பெட்டி அவர் அலமாரியில் இருக்கிறதே என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

"விசிறிச் சத்தம் கேட்குதும்மா" என்றேன்.

அவள் குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். கத்தல் நின்றது.

"ஊர் உலகத்துப் பொய்யெல்லாம் சொல்லுவீங்க பெரியப்பா. கடையே சிரிக்கும். ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் வந்ததில்லை" என்றாள். "இன்னைக்குத்தான் சின்னதா ஒண்ணு சொல்லியிருக்கீங்க."

*

அவள் சண்டை போடவில்லை. டாக்டர் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தாள். ராம் பள்ளம் வெறுமையாக இருந்தது. கடையில் இருந்த ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை. குச்சியின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். பள்ளத்தில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே போகும். வீட்டுப் பெட்டி பழைய சாதி, கடைக் குச்சிகள் எல்லாம் புதிய சாதி. டாக்டர் அதையும் யோசித்துத்தான் செய்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை உதிரி விற்கிறவரிடம் கேட்டாள். "அந்த மாடலா? அது வர்றதே நின்னு போச்சே நர்ஸம்மா. சொல்லி வைக்கிறேன், ரெண்டு வாரம் ஆகும்."

புதன்கிழமை, அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் வாடகைக்கு விடும் இடத்துக்குப் போய், தம்பி வைத்திருக்கக்கூடிய கடவுச்சொற்களை எல்லாம் தட்டிப் பார்த்தாள். அம்மா பெயர். அப்பா பெயர். தம்பி சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர். நாயும் கைவிட்டது.

இடையில் கடை நடந்தது. விரல் கோடு இழுத்தது, தட்டியது. அந்த நாட்களில் டாக்டர் வழக்கத்தைவிட நல்லவராக இருந்தார். "நீ உட்காரு, நான் தட்டுறேன்" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். எனக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் அவர் சட்டையை நனைக்கும்போது பையில் கட்டியாக எதுவோ தட்டுப்பட்டது. சீப்பு என்று நினைத்தாள். அந்தக் குச்சி. நான்கு நாட்களாக நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தச் சட்டையோடுதான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

துடைத்து, அழிரப்பரால் பல்லைத் தேய்த்து, பள்ளத்தில் வைத்து அமுக்கினாள். இரண்டு கொக்கியும் 'டக்' என்று விழுந்தன. பட்டனை அமுக்கினாள்.

ஒரே ஒரு குட்டை.

நான் கடையில் நாளிதழோடு உட்கார்ந்திருந்தேன். சத்தம் எனக்குக் கேட்டது. மேஜையில் ஒரு போர்டின் மேல் குனிந்திருந்த டாக்டருக்குக் கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நர்ஸம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது. வேலை கிடைத்துவிட்டது. வியாழன் சாயங்காலத்துக்குள் சம்மதம் எழுத வேண்டும். நேற்று.

எழுந்து கடைக்கு வந்து, டாக்டருக்கு எதிரிலேயே நின்று, அங்கிருந்த போனில், கடிதத்தில் கொடுத்திருந்த நம்பருக்குப் பேசினாள். "ஆமாங்க... ஆமாங்க... பெட்டி ரிப்பேர்ங்க... சரிங்க... அவங்க நல்லா இருக்கட்டும்ங்க." வைத்துவிட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் தலை நிமிரவில்லை.

உள்ளே போனவளுக்குப் பின்னால் நானும் போனேன். எதற்கு என்று தெரியாது. அவள் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த தேதியைக் காட்டினாள். போர்டில் ஒரு வட்ட பேட்டரி உண்டு, கரண்ட் இல்லாதபோது தேதியை நினைவில் வைத்துக்கொள்ள. அது கிழடு தட்டியிருந்தது. நான்கு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததில் எல்லாவற்றையும் மறந்து, பெட்டி பிறந்த வருஷத்துக்கே போய் நின்றிருந்தது.

"பாருங்க பெரியப்பா, இதோட கணக்குல இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு எனக்கு" என்றாள்.

சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்புக்கு யாரும் கூடச் சிரிக்க முடியாது.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை டாக்டர் முன் வைத்தாள். சோற்றுக்குப் பக்கத்தில் ராம் குச்சியை வைத்தாள். ஊறுகாய் வைக்கும் இடத்தில். நான் எழுந்து போயிருக்க வேண்டும். எழவில்லை.

டாக்டர் அதைப் பார்த்தார். "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இருந்திருப்பியா?"

"தெரியாது. நீங்க சொல்லியிருந்தாத்தானே எனக்கே தெரியும்."

"நான் செவிடன்டி. ஊருக்குத் தெரிஞ்சா..."

"ஊருக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் நான் ஊமையா இருந்தேன்" என்றாள். "சாப்பிடுங்க, ஆறுது."

அவர் சாப்பிட்டார். குச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல்.

*

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பெட்டிகள் வந்தன. டாக்டர் முதல் பெட்டியின் ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டார். பீப்பர் நீளம் நீளமாகக் கத்தியது. டாக்டர் கண்ணை இடுக்கி மேஜையின் மறு ஓரத்தைப் பார்த்தார்.

விரல் அசையவில்லை. ஒரு துணியின் மேல் அப்படியே படுத்திருந்தது.

"எத்தனை?" என்றார், உதட்டை அசைக்காமல்.

"சத்தமே இல்லைங்க" என்றாள் நர்ஸம்மா, எல்லாருக்கும் கேட்க. "போர்டு போச்சு."

இரண்டாவதும் போச்சு. மூன்றாவதும் போச்சு. கத்தல் காதில் விழுந்தாலும், நர்ஸம்மா வேறு ஏதோ சத்தத்தைச் சொல்கிறாள் என்று நினைத்த பள்ளிக்கூடத்து ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு மூன்றையும் எடுத்துப் போனார். அடுத்த தெருவில் ஒருத்தன் புதிதாகக் கடை போட்டிருந்தான். அழிரப்பரால் தேய்த்து, அரைமணி நேரத்தில் மூன்றையும் ஓட விட்டான் என்று சேதி வந்தது.

அவள் வேலையை விடவில்லை, அதுதான் கொடுமை. தூசி தட்டினாள், ஒயர் சுற்றினாள், சோறு ஆக்கினாள். மேஜையின் மறு ஓரத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த மாதம் முழுக்க, அந்தக் கடைக்கு வந்த ஒரு போர்டுகூட உயிரோடு இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில்கூட எந்த ஊரிலும் இவ்வளவு சாவு விழுந்ததில்லை. டாக்டர் ஊகத்தில் ராமைக் கழற்றுவார், கார்டை மாற்றுவார், நல்லதையும் கெடுப்பார். அவளிடம் ஏன் என்று கேட்க முடியாது. கேட்டால், தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னாலும், இவள் சொல்கிற பதில் அவர் கற்றுக்கொடுத்த பதில்.

ஒரு மாதம் கழித்து, வேறு பெட்டியே இல்லாத ஒரு பகல்பொழுதில், டாக்டர் அலமாரியிலிருந்து என் கம்ப்யூட்டரை இறக்கினார்.

"இன்னைக்கு உங்களுதைப் பார்த்துடலாம் பெரியவரே" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

நர்ஸம்மா தூசி தட்டிக் கொடுத்தாள். டாக்டர் பட்டைப் பிளக்கைச் செருகினார், சதுரப் பிளக்கைச் செருகினார், பீப்பரை நாலு ஊசியில் வைத்தார். ஸ்க்ரூடிரைவரால் தொட்டார்.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

டிஸ்ப்ளே கார்டு. கழற்றித் திரும்பச் செருகினால் போதும். ஒரு நிமிஷ வேலை. இரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது?

டாக்டர் விரலைப் பார்த்தார். அது அசையவில்லை. "சத்தமில்லைங்க" என்றாள் அவள்.

பிறகு, அந்தத் தெருவில் அதுவரை அவர் யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார்.

"பெரியவரே, எனக்குக் காது சரியில்லை. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"விசிறிச் சத்தம் கேட்குது தம்பி" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியாது. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, ஸ்க்ரூடிரைவரை மறுபடியும் ஊசியில் வைத்தார். என் பெட்டி மறுபடியும் கத்தியது. கடையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு அது நன்றாகக் கேட்டது.